கரியுலைக்குத் துணைநின்ற கதிரவன்



நெல் அவிக்கும் வீட்டில் நெருப்பும் வெயிலும் ஒரே தொழிலைப் பங்கிட்டுக் கொள்கின்றன. அண்டாவின் கீழ் விறகு எரிகிறது; அவிந்த நெல் முற்றத்துப் பாயிற் பரவி வெயிலிற் காய்கிறது. காயவைக்கும் வேலையையும் விறகைக் கொண்டே செய்வதாயின் எத்தனை வண்டி விறகு வேண்டும் என்று எந்த இல்லத்தரசியும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. வெயிலால் ஆகக்கூடியதை வெயிலிடம் விட்டு, நெருப்பால் மட்டும் ஆகக்கூடியதை நெருப்பிடம் கொடுப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். இதே எளிய எண்ணம், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகின் மிகப் பெரிய அடுப்புகளாகிய நிலக்கரி மின்னிலையங்களின் வாயிலிற் போய் நின்றது. கரி செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஞாயிற்றின் வெப்பத்திடம் ஒப்படைத்தால், அந்த அளவிற்குக் கரி மிஞ்சும், புகையும் குறையும் அன்றோ? இவ்வினா எவ்வாறு எழுந்தது, எங்கே செயலாயிற்று, ஏன் நிலைக்கவில்லை, அதிலிருந்து எஞ்சிய பாடம் யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நிலக்கரி மின்னிலையம் என்பது அடிப்படையில் நீரைக் காய்ச்சும் ஒரு கருவியே. கரியை மாவாக அரைத்து உலையினுள் ஊதி எரிக்கின்றனர். அவ்வெப்பத்தினால் கொதிகலனின் குழாய்களில் ஓடும் நீர் ஆவியாகி, 500 பாகை சென்ரிகிரேட்டிற்கும் மேற்பட்ட சூட்டினை அடைந்து, பெரும் அமுக்கத்துடன் சுழலியின் அலகுகளில் மோதுகிறது. சுழலி சுற்ற, அதனோடு பிணைந்த மின்பிறப்பாக்கியும் சுற்ற, மின்சாரம் பிறக்கிறது. வேலை செய்து களைத்த ஆவி, குளிர்நீர் ஓடும் குழாய்களிற் பட்டு மீண்டும் நீராகிக் கொதிகலனுக்கே திரும்புகிறது. இத்துணை ஏற்பாடுகள் இருந்தும், கரியிலுள்ள வெப்பத்தில் மூன்றிலொரு பங்கிற்குச் சற்று மேற்பட்டதே மின்சாரமாகின்றது. எஞ்சியது குளிர்நீரோடும் புகைபோக்கியோடும் போய்விடுகிறது.

போவது வெப்பம் மட்டுமன்று. ஒரு கிலோ காபன் எரியும்போது, காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு மூன்றரைக் கிலோவிற்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறுகிறது. எரிக்கப்பட்ட பொருளினும் எழுந்த வாயு எடை மிகுந்தது என்பது கேட்போர்க்கு வியப்பாக இருக்கலாம். ஒட்சிசனின் எடையும் கூடுவதே அதற்குக் காரணம். நிலக்கரியாற் பிறக்கும் மின்சாரத்தில் ஓர் அலகிற்கு ஏறத்தாழ ஒரு கிலோ வாயு என்று மனத்திற் கொள்ளுதல் போதும். இவ்வாயு வானிற் பரந்து, பூமியிலிருந்து வெளியேறவேண்டிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. உலகின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. ஆதலின், இவ்வுலைகளின் புகையைச் சிறிதேனும் குறைக்கும் வழி ஒவ்வொன்றும் ஆராயத்தக்கதே.

ஞாயிற்றின் வெப்பத்தால் ஆவியை உண்டாக்கும் முயற்சி புதியதன்று. பிரான்சு தேசத்தில் தூர் நகரத்துப் பாடசாலை ஒன்றிற் கணிதம் கற்பித்த ஒகுஸ்தன் மூசோ என்பவர், நிலக்கரி ஒரு நாள் தீர்ந்துபோகும், அன்று தொழிற்சாலைகள் எதைக் கொண்டு இயங்கும் என்று கவலையுற்றார். குழிந்த ஆடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எந்திரத்தை இயக்கினார். 1878 ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், வெயிலின் வெப்பத்தைக் கொண்டே பனிக்கட்டி உறையச் செய்து காட்டிப் பொற்பதக்கமும் பெற்றார். எனினும் அக்காலத்தில் நிலக்கரியின் விலை இறங்கியது. மலிவான கரி இருக்க வெயிலை நாடுவானேன் என்று அரசாங்கம் கைவிட்டது.

பின்னர் 1913 இல், அமெரிக்கரான பிராங்க் சூமன் என்பார், எகிப்தில் கெய்ரோவை அடுத்த மாடி என்னும் ஊரில், நீண்ட தொட்டி போன்ற ஐந்து ஆடி வரிசைகளை நிறுவி, அவற்றிற் பிறந்த ஆவியினால் நைல் நதியின் நீரை வயல்களுக்கு இறைத்துக் காட்டினார். மறு ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது. போர் முடிந்தபின் மண்ணெண்ணெயும் பெற்றோலியமும் உலகை ஆண்டன. சூமனின் தொட்டிகள் மறக்கப்பட்டன.

இவ்விரு வரலாறுகளிலும் ஞாயிறும் எரிபொருளும் போட்டியாளராக நின்றன. இரு முறையும் எரிபொருளே வென்றது. ஆகவேதான் பிற்காலத்துப் பொறியியலாளர் சிலர் வேறொரு கோணத்தில் எண்ணத் தலைப்பட்டனர். எதிராக நின்று வெல்ல முடியாத இடத்தில், உடன் சேர்ந்து உதவலாகாதா என்பதே அவ்வெண்ணம்.

அவ்வுதவி எந்த இடத்திற் பொருந்தும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். களைத்த ஆவி நீராகிக் கொதிகலனுக்குத் திரும்புகிறது எனச் சொல்லப்பட்டது. அந்நீரைக் குளிர்ந்த நிலையிலேயே கொதிகலனுட் செலுத்துவதில்லை. சுழலியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆவியில் ஒரு பகுதியை இடையிலே வடித்தெடுத்து, அதன் சூட்டினால் அந்நீரைப் படிப்படியாகச் சூடாக்குவர். இவ்வாறு ஆறேழு படிகளைக் கடந்து, ஏறத்தாழ 250 பாகை சூட்டோடு நீர் கொதிகலனை அடைகிறது. மொத்தக் கணக்கிற் பார்த்தால் இது சிக்கனமான முறையே. ஆயினும் வடித்தெடுக்கப்பட்ட ஆவி, சுழலியின் இறுதிவரை சென்று செய்திருக்கக்கூடிய வேலையைச் செய்யாமலே போகிறது. வயலுக்குப் பாயவேண்டிய நீரில் ஒரு பகுதியை வாய்க்காலின் நடுவிலே மறித்து வேறு தேவைக்கு எடுப்பது போன்றது இது.

அந்த வேறு தேவையை வெயில் நிறைவேற்றினால் வாய்க்கால் நீர் முழுவதும் வயலுக்கே பாயும் அல்லவா? ஆடிகளால் குவிக்கப்பட்ட ஞாயிற்றின் வெப்பம் கொதிகல நீரைச் சூடாக்குமாயின், ஆவியை இடையில் வடிக்கத் தேவையில்லை. அந்த ஆவி சுழலியின் கடைசி அலகு வரை சென்று மேலும் மின்சாரத்தைப் பிறப்பிக்கும். அதே அளவு கரிக்குக் கூடுதலான மின்சாரம் பெறலாம். அன்றேல் அதே அளவு மின்சாரத்திற்குக் குறைந்த கரியை எரிக்கலாம். விரும்பியதைத் தெரிந்து கொள்ளலாம்.

இந்தக் கூட்டில் மூன்று நன்மைகள் இருந்தன. முதலாவது, சுழலியும் மின்பிறப்பாக்கியும் குளிர்நீர் ஏற்பாடும் மின்கம்பிகளும் ஏற்கெனவே அங்குள்ளன. ஆடிகளையும் குழாய்களையும் மட்டும் அமைத்தாற் போதும். இரண்டாவது, ஞாயிற்று வெப்பத்தாற் பெறப்படும் 250 பாகை அளவான சூட்டைச் சிறியதொரு தனிச் சுழலியிற் செலுத்தினால் கிடைக்கும் பயன் சொற்பம். பெரிய நிலையத்தின் சிறந்த சுழலியிற் சேர்த்தால் அதே வெப்பம் கூடுதலான பயனைத் தரும். மூன்றாவது, மேகம் மறைத்தாலும் இரவு வந்தாலும் கவலையில்லை. பழையபடி ஆவியை வடித்து நீரைச் சூடாக்கிக் கொள்ளலாம். மின்சாரம் பெறுவோர் வீட்டு விளக்கு ஒரு கணமும் மங்காது.

இனி, வெயிலைக் குவிக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. சூமன் அமைத்ததைப் போன்ற தொட்டி வடிவமான ஆடிகள் பரவளைவாக வளைக்கப்பட்டவை. அவற்றில் விழும் கதிர்கள் யாவும் நடுவே ஓடும் ஒரு குழாயிற் குவியும். அவை சிறப்பாக வேலை செய்யும். ஆனால் கண்ணாடியைத் துல்லியமாக வளைப்பதற்கும் காற்றிற் சாயாமல் நிறுத்துவதற்கும் செலவு அதிகம். இத்தாலி தேசத்து அறிஞரான ஜியோவன்னி பிரான்சியா 1960 களில் வேறொரு வழியைக் கண்டார். நீண்டு ஒடுங்கிய தட்டைக் கண்ணாடிகளைத் தரைக்கு அண்மையில் வரிசை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் திருப்பி, உயரத்திலே ஓடும் ஒரே குழாயை நோக்கி ஒளியைத் தெறிக்கச் செய்தார். பெரிய வில்லையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தட்டையாக அடுக்கும் முறையை வெளிச்ச வீடுகளுக்காக வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல். அவர் பெயராலேயே இவ்வாடிகளும் பிரெனெல் ஆடிகள் எனப்பட்டன. தட்டைக் கண்ணாடி மலிவானது. தரைக்கருகே இருப்பதாற் காற்றின் தொல்லையும் குறைவு. குறையும் உண்டு. ஒரு சதுர மீற்றரிற் பெறப்படும் வெப்பம் தொட்டி ஆடியிலும் பார்க்கச் சிறிது குறைவு. இருவகை ஆடிகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றும் உளது. நேராக வரும் கதிர்களை மட்டுமே அவை குவிக்கும். மூடுபனியிலும் முகிலிலும் சிதறி வரும் ஒளி அவற்றிற்குப் பயன்படாது. ஆகையால் தெளிந்த வானமும் வறண்ட காற்றும் உள்ள நாடுகளே இம்முயற்சிக்கு ஏற்ற களங்களாயின.

அவுஸ்திரேலியா அத்தகைய நாடு. அங்கே வெயிலும் மிகுதி, நிலக்கரியும் மிகுதி. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ் என்பவரும், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் மொரிசன் என்பவரும் பிரான்சியாவின் முறையைத் திருத்தி, அருகருகே உள்ள இரு குழாய்களை நோக்கி ஆடிகள் மாறி மாறித் திரும்பும்படி அமைத்தனர். ஓர் ஆடியின் நிழல் மற்றோர் ஆடியில் விழுவது இதனாற் குறைந்தது. குறைந்த நிலத்திற் கூடுதலான ஆடிகளை நெருக்கமாக வைக்கலாயிற்று. இதனைப் பெரிய அளவிற் சோதித்துப் பார்ப்பதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து ஹண்டர் பள்ளத்தாக்கில் உள்ள லிடெல் மின்னிலையம்.

லிடெல் 1970 களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய நிலையம். ஒவ்வொன்றும் 500 மெகாவாற்று ஆற்றலுடைய நான்கு பகுதிகள், ஆக 2,000 மெகாவாற்று. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். அந்தக் கரியுலையின் பக்கத்திலே 2004 ஆம் ஆண்டு முதலாவது ஆடித் தொகுதி நிறுவப்பட்டது. அதன் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ ஒரு மெகாவாற்று. அளவிற் சிறிதாயினும், பெரிய கரி மின்னிலையம் ஒன்றின் பக்கத்திலே கதிரவனை நிறுத்தி வேலை வாங்கும் முயற்சியில் அது முன்னோடியாயிற்று. பின்னர் 2012 இல், ஜேர்மானிய நிறுவனமாகிய நொவாடெக் சோலார், அவ்விடத்திலேயே 9.3 மெகாவாற்று வெப்ப ஆற்றலுள்ள மற்றொரு தொகுதியை அமைத்தது. அதன் ஆடிகளின் பரப்பு ஏறத்தாழ 18,500 சதுர மீற்றர். ஏக்கரிற் கூறினால் நாலரைக்குச் சற்று மேல்.

நேயர்கள் இங்கே சிறிது நின்று கணக்கைப் பார்த்தல் வேண்டும். 9.3 மெகாவாற்று என்பது வெப்பத்தின் அளவு, மின்சாரத்தின் அளவன்று. வெப்பத்தில் மூன்றிலொரு பங்கே மின்சாரமாகும் எனக் கொண்டால், நண்பகலிற் கிடைப்பது மூன்று மெகாவாற்று. நிலையத்தின் மொத்த ஆற்றலோ 2,000 மெகாவாற்று. எனவே தெளிந்த வானத்து உச்சி வேளையிற் கூட ஞாயிற்றின் பங்கு ஆயிரத்தில் இரண்டினுங் குறைவு. மாலையில் அதுவும் இல்லை.

ஆடிகளைப் பெருக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். பெருக்கலாம். நண்பகலில் நூற்றிற் பத்துப் பங்கையாவது வெயில் தரவேண்டுமாயின், கண்ணாடிப் பரப்பு மட்டும் 300 ஏக்கரளவு வேண்டும். வரிசைகளுக்கு இடையிலுள்ள வெளியையும் சேர்த்தால் நிலம் இன்னும் கூடும். ஆண்டு முழுவதற்கும் இரவையும் முகிலையும் கழித்துக் கூட்டினால் அந்தப் பத்தும் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். வேறு தடையும் உண்டு. வடித்தெடுக்கும் ஆவியைத்தான் வெயில் ஈடுசெய்ய இயலும். உலையின் முழு வேலையையும் அது ஏற்க இயலாது. அன்றியும், வடிக்கப்படாது நின்ற ஆவி முழுவதையும் தாங்கும் அளவிற்குச் சுழலியின் கடைசிப் பகுதி அமைக்கப்பட்டிருக்க வேண்டும். துணைவன் எவ்வளவு வலியனாயினும், வீட்டுக்காரன் திறந்துவிட்ட அறைக்குள்ளேயே அவன் இருக்க முடியும்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு சோதனை நிகழ்ந்தது. கொலராடோ மாநிலத்தில் கமியோ என்னும் சிறிய கரி மின்னிலையம் இருந்தது. எக்ஸெல் எனர்ஜி என்னும் மின் நிறுவனமும், ஸ்பானிய நிறுவனமான அபெங்கோவாவும் சேர்ந்து, 2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், 49 மெகாவாற்று ஆற்றலுள்ள ஒரு பகுதியோடு தொட்டி வடிவ ஆடிகளை இணைத்தன. ஆடிகளில் எண்ணெய் சூடேறி, அந்தச் சூட்டைக் கொதிகல நீருக்குக் கொடுத்தது. பழைய கரியுலை ஒன்றோடு வெயிலைப் பிணைத்தல் இயலும் என்பதை அச்சோதனை காட்டியது. ஆனால் அந்த ஆண்டின் முடிவிலேயே கமியோ நிலையம் மூடப்பட்டது. நிலையம் முதுமையடைந்திருந்தது, அதை மூடுவதென்பது முன்னரே முடிவான செய்தி. சோதனைக்கு அதனைத் தெரிந்தெடுத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். மணவறையிலிருந்த மலர்மாலை வாடுமுன் மணமகன் மறைந்தது போலாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாவது முயற்சியே எல்லாவற்றிலும் பெரியது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், சிஞ்சில்லா என்னும் ஊருக்கு அண்மையில், கோகன் கிரீக் என்ற நிலையம் உள்ளது. 2007 இல் இயங்கத் தொடங்கியது. ஒரே சுழலியில் 750 மெகாவாற்று ஆற்றல் கொண்டது. ஆகவே கமியோவைப் போல முதிர்ந்த நிலையமன்று; இளமையானது. அதன் உரிமையாளராகிய சி.எஸ். எனர்ஜி என்னும் அரசாங்க நிறுவனம், 2011 இல், ஞாயிற்று வெப்பத்தால் அந்நிலையத்திற்கு வலுவூட்டும் திட்டத்தை அறிவித்தது. மில்ஸ் முதலானோர் தொடங்கிய நிறுவனம் அதற்குள் கலிபோர்னியாவிற்குச் சென்று, 2010 இல் பிரெஞ்சு நிறுவனமாகிய அரேவாவின் கைக்கு மாறியிருந்தது. ஆடிகளை அமைக்கும் பொறுப்பை அரேவா ஏற்றது. திட்டச் செலவு பத்துக் கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். வெயில் நன்கு எறிக்கும் வேளையில் 44 மெகாவாற்று வரை மின்சாரம் கூடும் என்றும், ஆண்டுதோறும் 35,600 தொன் காபனீரொட்சைட்டு குறையும் என்றும் கூறப்பட்டது. 2013 இல் நிறைவுபெறும் எனவும் எதிர்பார்க்கப்பட்டது.

வேலை தொடங்கியது, தாமதங்கள் தொடர்ந்தன. 2014 இல் அரேவா ஞாயிற்று வெப்பத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், முற்றுப்பெறாத நிலையிலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. பத்துக் கோடி டொலர்த் திட்டம் ஒரு தொன் கரியையும் மிச்சப்படுத்தாமல் முடிந்தது.

அது முற்றுப்பெற்றிருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்? 44 மெகாவாற்று என்பது 750 இல் நூற்றுக்கு ஆறு. கேட்பதற்குச் சிறப்பான எண்தான். ஆயினும் அது உச்சி வேளைக் கணக்கு. ஆண்டு முழுவதற்கும் அத்திட்டத்திலிருந்து எதிர்பார்க்கப்பட்ட மின்சாரம் நாலரைக் கோடி அலகிற்குச் சற்றுக் குறைவு. கோகன் கிரீக் போன்ற நிலையம், பழுதுபார்க்கும் நாட்களைத் தள்ளிவிட்டாலும், ஆண்டிற்கு 500 கோடி அலகு தரக்கூடியது. ஆகவே உண்மையான பங்கு நூற்றில் ஒன்றும் நிறையவில்லை. நண்பகலின் ஆறும், ஆண்டு முழுவதின் ஒன்றினுங் குறைந்த பங்கும் ஒரே திட்டத்தின் இரு முகங்கள். முதலாவதை மட்டும் கேட்டவர் மகிழ்வார். இரண்டாவதையும் கேட்டவர் சிந்திப்பார்.

இம்முயற்சிகள் நிலைக்காமற் போனமைக்கு அறிவியற் பிழை காரணமன்று. ஆடிகள் ஒளியைக் குவித்தன, நீர் சூடேறியது, இணைப்பு இயங்கியது. காரணங்கள் வேறு.

ஒன்று, பங்கின் சிறுமை. இரண்டாவது, ஆயுளின் பொருத்தமின்மை. ஆடிகளுக்குச் செலவிட்ட பணம் திரும்பி வருவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் வேண்டும். பழைய நிலையத்தோடு சேர்த்தால் நிலையம் முந்தி மறையும். லிடெல் நிலையமும் 2023 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் முற்றாக மூடப்பட்டது. புதிய நிலையத்தோடு சேர்த்தால், அந்த நிலையத்தை மேலும் பல ஆண்டுகள் எரியவிடுவதற்கு அதுவே ஒரு நியாயமாகிவிடும். முதியவனோடு சேர்ந்தால் உடன்மறைய வேண்டும். இளையவனோடு சேர்ந்தால் அவன் செய்யும் தீங்கிற்கு உடன்பட வேண்டும். இந்த இக்கட்டிலிருந்து பொறியியல் ஒன்றினால் மட்டும் தப்ப வழியில்லை.

மூன்றாவது காரணம் எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. வெயிலை வெப்பமாக்காமல் நேரே மின்சாரமாக்கும் ஒளிமின் தகடுகள் வியப்புக்குரிய வேகத்தில் மலிந்தன. 2010 ஆம் ஆண்டிற்கும் 2020 ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், பெரிய ஒளிமின் நிலையங்களிற் பிறக்கும் மின்சாரத்தின் செலவு ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் வீழ்ந்தது. அத்தகடுகளுக்குச் சுழலியும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம், கரியின் தோழமையும் வேண்டாம். முகிலினூடே சிதறி வரும் ஒளியையும் அவை ஓரளவு ஏற்கும். 2004 இல் அறிவுடைமையாகத் தோன்றிய கூட்டு, 2016 இல் வீண்செலவாகத் தோன்றியது இதனாலேயே.

இத்திட்டங்களுக்கு ஆதரவாகப் பேசியோர் கூறியதையும் மறக்கலாகாது. நாளையே எல்லாக் கரியுலைகளையும் அணைத்துவிட இயலாது. அணையும் நாள் வரையில் எரியும் கரியிற் சிறிதளவேனும் குறைந்தால் அது இலாபமே என்பது அவர்கள் வாதம். அது மறுக்கக்கூடிய வாதமன்று. 35,600 தொன் வாயு என்பது சிறு எண்ணும் அன்று. மறுபுறத்தில் எதிர்த்தோர் கூறியதும் ஒன்றுண்டு. கரியுலையின் முன்னாற் பளபளக்கும் ஆடிகளை நிறுத்தினால், பார்ப்போர் கண் ஆடியிற் பதியும், புகைபோக்கியைக் காணாது. நூற்றில் ஒன்றைக் குறைத்து, எஞ்சிய தொண்ணூற்றொன்பதிற்கும் நற்சான்று பெறுவதா என்று அவர்கள் கேட்டனர். இருசாராருள் யார் சொல் சரி என்பதற்கு விடை ஆடியில் இல்லை. அந்த நிலையத்தை எப்பொழுது மூடப்போகிறார்கள் என்ற தேதியிலே உள்ளது. மூடும் நாள் குறிக்கப்பட்ட இடத்தில் வெயிலின் உதவி ஒரு நல்ல இடைக்கால ஏற்பாடு. நாள் குறிக்கப்படாத இடத்தில் அது வெறும் அலங்காரமாக மாறும் அபாயம் உண்டு.

ஆயினும் இம்முயற்சிகளில் விளைந்த அறிவு வீணாகவில்லை. லிடெல்லிற் பயின்ற ஆடி முறை, 2008 இல் கலிபோர்னியாவிலுள்ள கிம்பர்லினா என்னுமிடத்தில், கரியின் துணையின்றித் தனியே 5 மெகாவாற்று மின்சாரம் தந்தது. 2014 இல் இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், பாலைநிலத்திலே துர்சர் என்னும் ஊரில், அதே முறையில் 100 மெகாவாற்றிற்கு மேற்பட்ட ஆற்றலுடைய நிலையம் எழுந்தது. தொழிலாளியாக வேலை பழகியவன் பின்னர் சொந்தத்திற் பட்டறை வைத்ததற்கு ஒப்பானது இது.

வெப்பத்திற்கு மற்றொரு பயனும் புலனாயிற்று. மின்சாரம் வேண்டுவோர்க்கு ஒளிமின் தகடு போதும். ஆனால் தொழில்கள் பலவற்றிற்கு வேண்டியது வெப்பமே. பால் பதனிடுவோர், துணிக்குச் சாயமிடுவோர், உணவு பதப்படுத்துவோர், கடல்நீரை நன்னீராக்குவோர் ஆகிய அனைவரும் ஆவிக்காக எரிபொருளை எரிக்கின்றனர். தெற்கு அவுஸ்திரேலியாவில் போர்ட் ஒகஸ்ரா என்னும் நகரம் கரி மின்னிலையத்தை நம்பி வாழ்ந்த ஊர். அந்நிலையம் 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டது. அதே ஆண்டில் அந்நகருக்கு அண்மையில், ஆடிகளால் வெயிலை ஓர் உயர்ந்த கோபுரத்தின் மீது குவித்து, அந்த வெப்பத்தினாற் கடல்நீரை நன்னீராக்கித் தக்காளி பயிரிடும் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. வெப்பத்தை மின்சாரமாக்கி மூன்றில் இரண்டு பங்கை இழப்பதைவிட, வெப்பம் வேண்டிய இடத்தில் வெப்பமாகவே கொடுப்பது மேலானதன்றோ?

லிடெல் நிலையத்தின் பிற்காலமும் ஒரு செய்தியைத் தருகிறது. கரியுலைகள் அணைந்தபின், அந்த இடத்திலே 500 மெகாவாற்று ஆற்றலுள்ள பெரியதொரு மின்கலத் தொகுதியை அமைப்பதென உரிமையாளராகிய நிறுவனம் 2023 ஆம் ஆண்டு இறுதியில் முடிவு செய்தது. நாடெங்கும் செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகள் அங்கே வந்து கூடுகின்றன. நிலமும் தொழிலறிந்த மக்களும் அங்கே உள்ளனர். பழைய நிலையம் விட்டுச்சென்ற உண்மையான சொத்து உலை அன்று, அந்த இணைப்பே. ஞாயிற்று வெப்பத்தை உலையோடு பிணைக்க முயன்றோர், மின்கம்பியும் சுழலியும் ஏற்கெனவே உள்ளன என்ற காரணத்தைத்தானே முதலிற் கூறினர்? அவர்கள் கண்ட நன்மை மெய்யானது. அதனைக் கட்டிய தூண்தான் உளுத்தது.

இனி வருங்காலத்திலும் இதுபோன்ற திட்டங்கள் பல பெயர்களில் வரும். கரியோடு விறகுத்தூளைச் சேர்த்து எரிப்போம் என்பர். வாயுவைப் பிடித்து நிலத்தடியிற் புதைப்போம் என்பர். அவற்றுள் நல்லனவும் இருக்கும், அல்லனவும் இருக்கும். அவற்றை நிறுப்பதற்கு மூன்று வினாக்கள் போதும். உச்சி வேளையில் அன்றி, ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு கரி எரியாமல் மிஞ்சும்? அதற்கான செலவை வேறொரு வழியில் இட்டால் இதனினும் கூடுதலாக மிஞ்சுமா? துணைசெய்யும் கருவியின் ஆயுளும் உலையின் ஆயுளும் பொருந்துமா? இவ்வினாக்களுக்கு எண்ணால் விடை கேட்கும் உரிமை மின்கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. விடை சொல்லக் கூசுகின்ற திட்டத்தை எவ்வளவு அழகிய ஆடியிற் காட்டினாலும் ஏற்க வேண்டியதில்லை.

மூசோ என்னும் பாடசாலை ஆசிரியர், கரி தீர்ந்துவிடும் என அஞ்சி வெயிலை நாடினார். இன்று உலகம் வெயிலை நாடுவது கரி தீர்ந்தமையாலன்று. தீராத கரி இன்னும் மண்ணின் கீழ் இருக்கிறது. அதனை எரிக்காமல் அங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்பதே இன்றைய கவலை. அவர் காலத்திற் கரி மலிவாக இருந்தமையால் வெயில் தோற்றது. இக்காலத்தில் வெயில் மலிவாகி வருகிறது. கரியுலையின் வாயிலிற் கைகட்டி நின்று உதவிய காலத்தைக் கடந்து, கதிரவன் தன் காலிலே நிற்கத் தொடங்கிவிட்டான். அந்த இடைக்காலத்தில் லிடெல்லிலும் கமியோவிலும் கோகன் கிரீக்கிலும் உழைத்தவர்கள் கற்றுக்கொடுத்ததைக் கணக்கோடு நினைவில் வைத்திருப்பது அடுத்த தலைமுறைக்குப் பயன்தரும்.